இதெல்லாம் ஒரு பாட்டா?

இந்தச் சண்டை நடக்காத வீடு இருக்க முடியாது. ஹாலில் பையன் ஏதோ ஒரு பாட்டை வைத்துவிட்டுத் தலையாட்டிக் கொண்டிருப்பான். பேப்பர் படிக்கும் அப்பா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். ''இதெல்லாம் ஒரு பாட்டாடா?'' பையன் பதில் சொல்ல மாட்டான். வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றுவான்!

அப்பாவால் அதிகபட்சம் என்ன செய்ய முடியும்? எழுந்து போய் ஸ்விட்சை அணைக்கலாம். அவ்வளவுதான். ஆனால், இதே கேள்வியைக் கேட்கிற அப்பா ஒரு மந்திரியாக இருந்து, தேசத்திலுள்ள அத்தனை ரேடியோ நிலையங்களின் சாவியும் அவர் இடுப்பில் தொங்கினால்?

கற்பனை இல்லை சார். 1952-ல் நம் நாட்டில் நடந்த கதை இது.

அந்த மந்திரியின் பெயர் பி.வி.கேஸ்கர். மராட்டியர். சும்மா சொல்லக் கூடாது, நிறையப் படித்த மனிதர். பாரிஸ் வரை போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். சாஸ்திரீய சங்கீதம் என்றால் அவருக்கு உயிர். 1952-ல் நேருவின் அமைச்சரவையில் தகவல், ஒலிபரப்புத் துறை அவர் கைக்கு வந்தது. 1962 வரை, முழுசாகப் பத்து வருஷம், அவரிடமே இருந்தது.

அந்தக் காலத்து நிலவரத்தைக் கொஞ்சம் மனசில் ஓட்டிப் பாருங்கள். டி.வி. கிடையாது. (டெல்லியில் அது சோதனை முயற்சியாக எட்டிப் பார்த்ததே 1959-ல்தான்.) கேஸட் கிடையாது. கிராமபோன் என்பது வசதி படைத்தவர்கள் வீட்டுச் சமாசாரம். சாதாரண ஜனங்கள் பாட்டுக் கேட்க இரண்டே வழிகள். ஒன்று சினிமாக் கொட்டகை. இன்னொன்று ரேடியோ. அந்த ரேடியோவும் சர்க்கார் ரேடியோ. பெட்டி வைத்திருக்கிறவர்கள் வருஷா வருஷம் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். பெட்டி இல்லாதவர்கள் ஓட்டல் வாசலில் நின்று, ஓசியில் கேட்டார்கள்.

கேட்டுவிட்டுச் சும்மா போகவில்லை. பேசினார்கள். யார் பாடியது, எந்தப் படம், போன படத்தைவிட இது ஒசத்தியா, மட்டமா... பேச்சுக்குப் பஞ்சமே இல்லை.

இந்தப் பேச்சுக்கு எவ்வளவு சக்தி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1949-ல் 'மஹல்' என்று ஓர் ஹிந்திப் படம். ஆளில்லாத பழைய மாளிகையில் ஒரு பெண்ணின் குரல் மிதந்து வருகிற பாட்டு ஒன்று அதில் உண்டு. ரேடியோவில் ஒலிபரப்பானதும் ஊரே கிறங்கிப் போனது. பாடியது யார்? இசைத்தட்டில் 'காமினி' என்று போட்டிருந்தது. காமினி என்பது பாடகியின் பெயர் அல்ல. படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். பின்னணி பாடுகிறவர்களின் பெயரைத் தட்டில் அச்சடிக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் யாருக்கும் தோன்றவில்லை!

ரசிகர்கள் விடவில்லை. 'யார் அந்தக் குரல்?' என்று வானொலி நிலையத்தைத் துளைத்து எடுத்துவிட்டார்கள். நிலையத்துக்காரர்களுக்கே பதில் தெரியாது. கடைசியில் இசைத்தட்டுக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, வானொலியிலேயே அறிவித்தார்கள். அந்தப் பெயர், லதா மங்கேஷ்கர்.

அந்தப் பெயரை ஜனங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது எந்த விமர்சகரும் அல்ல. பாட்டைக் கேட்டுவிட்டு மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட சாதாரண ரசிகர்கள்.

கேஸ்கரின் காதில் இந்தப் பேச்சு வேறு மாதிரி விழுந்தது. சினிமாப் பாட்டு மலிவானது, வரிகள் கொச்சையானவை, மெட்டும் வாத்தியங்களும் மேல்நாட்டு இரவல், இளைஞர்களின் ரசனையையே இது பாழாக்குகிறது... இதுதான் அவர் கட்சி. சர்க்கார் வானொலியின் வேலை ஜனங்களுக்குப் பிடித்ததைக் கொடுப்பது அல்ல, நல்லதைக் கொடுப்பது. கொடுத்துக்கொண்டே இருந்தால் நாளாவட்டத்தில் நல்லது பிடித்துப் போகும். இப்படி நம்பினார்.

இந்த விஷயத்தில் அவர் முதல் ஆளும் இல்லை. ஆல் இந்தியா ரேடியோவுக்கு முன்னாலேயே ஒரு 'தடை' அனுபவம் உண்டு. 1940 மார்ச் 1-ம் தேதி முதல் ஹார்மோனியத்துக்கு அங்கே கதவு சாத்தப்பட்டது. கட்டைக்குக் கட்டை ஸ்வரம் நிற்கும் பெட்டி அது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நம் கமகம் அதில் வராது என்பது குற்றச்சாட்டு. நியாயமான குற்றச்சாட்டுதான். கவி தாகூரே அந்தப் பெட்டியின் பரம எதிரி. ஆனால், வடக்கே பெரிய வித்வான்களின் கச்சேரி மேடைகளில் அது பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசித்துக்கொண்டே இருந்தது. ரேடியோவில் அந்தத் தடை ஓரளவுக்குத் தளர 1971 வரை ஆயிற்று. முப்பத்தோரு வருஷம்!

கேஸ்கர் விஷயத்துக்கு வருவோம். 'அவர் சினிமாப் பாட்டைத் தடை செய்தார்' என்று இன்றைக்குப் பலரும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நடந்தது கொஞ்சம் சுற்றுவழி.

முதலில், ஒலிபரப்பு நேரத்தில் சினிமாப் பாட்டுக்கு 10 சதவிகிதம்தான் என்று வெட்டினார். அந்தப் பத்தும், அதிகாரிகள் கேட்டு 'பரவாயில்லை' என்று தலையாட்டிய பாட்டாக இருக்க வேண்டும். அடுத்து, பாட்டுப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் அது படத்துக்கு விளம்பரமாம். பாடியவர் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

தயாரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். பாட்டு அவர்கள் சொத்து. ஒலிபரப்ப அனுமதி கொடுத்திருந்ததே அவர்கள்தான். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றால் உனக்கு எதற்குப் பாட்டு? கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். கேஸ்கரும் இறங்கி வரவில்லை. 'போனால் போகட்டும்' என்று, கவிஞர்களையும் இசைக்கலைஞர்களையும் சேர்த்து வானொலி நிலையங்களிலேயே மெல்லிசைப் பாட்டுகளைத் தயாரிக்கச் சொன்னார். சில மாதங்களுக்குள் ஆல் இந்தியா ரேடியோவில் ஹிந்தி சினிமாப் பாட்டு அநேகமாக மறைந்தே போனது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலம் போனார்களா, உண்ணாவிரதம் இருந்தார்களா? அதெல்லாம் ஒன்றும் இல்லை. ரேடியோவின் குமிழைத் திருகினார்கள். முள் நகர்ந்து நகர்ந்து, கடல் தாண்டி கொழும்பில் போய் நின்றது!

கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது, தென்கிழக்கு ஆசியாவில் சண்டை போட்ட நேசநாட்டுச் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் போய்ச் சேர, மவுண்ட்பேட்டனின் படைத் தலைமை இலங்கையில் ஒரு வானொலி நிலையத்தை நடத்தியது. சக்தி வாய்ந்த சிற்றலை டிரான்ஸ்மீட்டர். யுத்தம் முடிந்து சிப்பாய்கள் கப்பல் ஏறினார்கள். டிரான்ஸ்மீட்டர் இலங்கையிடம் வந்து சேர்ந்தது. அதுவே ரேடியோ சிலோனின் பலம்.

சிற்றலையின் குணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அது தரையோடு தவழ்ந்து போவதில்லை. நேரே மேலே போய், வான்வெளியில் அயனி மண்டலம் என்கிற அடுக்கில் மோதி, பந்து மாதிரி திரும்பிக் கீழே குதிக்கும். அதனால்தான் கொழும்பில் போட்ட பாட்டு லக்னோவில் கேட்டது. நடுநடுவே அலை எழும்பி அடங்குவதுபோல் சத்தம் பெரிதாகும், சின்னதாகும். அதையும் சேர்த்துத்தான் ரசித்தார்கள்.

ரேடியோ சிலோனின் வர்த்தக ஒலிபரப்பைக் கட்டியெழுப்ப, கொழும்புத் திட்டத்தின் கீழ் கிளிஃபோர்டு டாட் என்ற ஆஸ்திரேலியர் வந்திருந்தார். வியாபாரம் தெரிந்தவர். இந்தியாவில் கோடிக்கணக்கான காதுகள் பாட்டுக்கு ஏங்குகின்றன. இந்தியக் கம்பெனிகளோ விளம்பரம் செய்ய ரேடியோ கிடைக்காமல் தவிக்கின்றன. காரணம், ஆல் இந்தியா ரேடியோவில் அன்றைக்கு விளம்பரமே கிடையாது. இரண்டையும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டால்? பம்பாயில் நிகழ்ச்சியை ஒலிநாடாவில் பதிவுசெய்ய வேண்டியது. விமானத்தில் கொழும்புக்கு அனுப்ப வேண்டியது. அங்கிருந்து சிற்றலையில் இந்தியாவுக்கே திருப்பி விட வேண்டியது!

இப்படித்தான் 1952 டிசம்பர் 3, புதன்கிழமை ராத்திரி 8 மணிக்கு 'பினாகா கீத்மாலா' பிறந்தது. பினாகா என்பது ஒரு பற்பசை. நிகழ்ச்சியை நடத்த வந்தவர் 20 வயதைக்கூட எட்டாத ஒரு பையன். வாரத்துக்கு 25 ரூபாய் சம்பளம். எழுதுவது, பேசுவது, வருகிற கடிதங்களைப் பார்ப்பது, எல்லாம் அதற்குள் அடக்கம். அனுபவசாலிகள் யாரும் அந்தக் காசுக்கு வர மாட்டேன் என்றதால்தான் வேலை பையனுக்குக் கிடைத்தது. பெயர் அமீன் சயானி.

சயானியின் மொழிக்கு ஒரு பின்கதை உண்டு. அவருடைய அம்மா குல்சூம் சயானி, காந்திஜியின் யோசனைப்படி 'ரஹ்பர்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். எளிய ஹிந்துஸ்தானி. அதையே தேவநாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று லிபிகளில் அச்சடிப்பார்கள். அம்மாவுக்கு அந்தப் பத்திரிகையில் ஒத்தாசை செய்து வளர்ந்த பையனுக்கு, படிக்காதவனுக்கும் புரிகிற பேச்சு தானாக வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஆல் இந்தியா ரேடியோவில் ஹிந்தி நாளுக்கு நாள் சம்ஸ்கிருத மயமாகிக் கொண்டிருந்தது. இந்தப் பக்கம் சயானி, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினார். கூப்பிடும்போதுகூட, சகோதரிகளே என்று முதலில் பெண்களைக் கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் சகோதரர்கள்.

ஆரம்பத்தில் அது ஒரு போட்டி நிகழ்ச்சி. ஏழு பாட்டுகளைக் கலைத்துப் போடுவார்கள். சரியான வரிசையை எழுதி அனுப்பினால் 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கு எத்தனை கடிதம் வந்தது தெரியுமா? 9,000. கொஞ்ச காலத்தில் அது வாரத்துக்கு 65,000 ஆனது. பிரித்துப் படிக்கக்கூட முடியாது அல்லவா? 1954 கடைசியில் போட்டியைக் கைவிட்டு, பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். இந்த வாரம் எந்தப் பாட்டு எந்தப் படியில்? ஆமாம், 'நம்பர்' என்று சொல்ல மாட்டார் சயானி. 'படி' என்பார். போன வாரம் ஐந்தாம் படியில் இருந்த பாட்டு இந்த வாரம் மூன்றுக்கு ஏறியிருக்கும். பாட்டு ஏணி ஏறுவதை தேசமே அண்ணாந்து பார்த்தது.

யார் ஏற்றியது? அதுதான் விசேஷம். இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கு ஒரு பக்கம். அதை மட்டும் நம்பினால், படக் கம்பெனிக்காரர்களே தட்டுகளை மொத்தமாக வாங்கி ஏமாற்றிவிடலாமே? அதனால் வட இந்தியாவின் ஊர் ஊருக்கு 'ரேடியோ கேட்போர் சங்கங்கள்' உருவாயின. வாரா வாரம் கூடி, விவாதித்து, 'எங்கள் சங்கத்தின் தேர்வு இது' என்று கடிதம் போடுவார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கே சினிமாப் பாட்டைக் கேட்கிறவனுக்கு ரசனையே கிடையாது என்று டெல்லியில் ஒரு மந்திரி சொல்லிக் கொண்டிருக்கிறார். அதே நேரம், சின்னச் சின்ன ஊர்களில், எட்டுப் பத்துப் பேர் கூடி, இந்த மெட்டு பெரிதா, அந்தக் குரல் பெரிதா என்று ராத்திரி வரை மல்லுக்கு நிற்கிறார்கள். அதற்குப் பெயர் ரசனை இல்லை என்றால் வேறு என்ன?

இந்த ரசிகப் பட்டாளத்தின் தலைநகரம் எது என்று கேட்டால், வடக்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒரே ஊரைச் சொல்வார்கள். ஜும்ரி தலையா. இன்றைய ஜார்க்கண்டில், அப்போதைய பீகாரில், அப்ரகச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். ரேடியோவில் எந்தப் பாட்டுப் போட்டாலும், விரும்பிக் கேட்டவர்கள் பட்டியலில் ஜும்ரி தலையா கட்டாயம் இருக்கும். 'அப்படி ஒரு ஊரே கிடையாது, ரேடியோக்காரர்கள் சும்மா அடித்துவிடுகிறார்கள்' என்று பலர் சத்தியம் செய்தார்கள். ஊர் நிஜம். அங்கே சில ரசிகர்களுக்குள் யார் பெயர் அதிகம் ஒலிப்பது என்று போட்டி. ஒருவர் கட்டுக்கட்டாக போஸ்ட் கார்டு போட்டால் இன்னொருவர் அதைவிடப் பெரிய கட்டு. தங்கள் பெயரோடு மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். போட்டியாளரின் கடிதம் போய்ச் சேராமலிருக்க தபால் ஆபீஸையே 'கவனித்தார்கள்' என்றும் கதைகள் உண்டு!

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதா? சுரங்கத்துத் தூசியில் நாளைக் கழிக்கிற ஒரு மனிதனின் பெயரை, ராத்திரியில் ஒரு ரேடியோ, தேசம் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறது. அவன் செய்த காரியம் ஒரு பாட்டை நேசித்தது மட்டும்தான். ஒரு போஸ்ட் கார்டுக்கு இதைவிடப் பெரிய லாபம் ஏது?

நம் தமிழ் ஜனங்களுக்கும் இந்தக் கொழும்புக் கதையில் பெரிய பங்கு உண்டு. ஹிந்திக்குப் பக்கத்திலேயே ரேடியோ சிலோனின் தமிழ்ச் சேவையும் சக்கைப்போடு போட்டது. மயில்வாகனன் என்ற பெயர் 1950-களிலும் அறுபதுகளிலும் நம் ஊரில் ஒரு சினிமா நட்சத்திரத்தின் பெயருக்குக் குறைந்தது அல்ல. பிற்பாடு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒரு பெரிய வரிசையே வந்தது. தென் மாவட்டங்களில் காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் அடுப்பே எரியும். சர்க்காருக்கு லைசென்ஸ் பணம் கட்டிவிட்டு, காதை இலங்கைக்குக் கொடுத்திருந்தார்கள் ஜனங்கள்.

அந்தக் காலத்தில் வடக்கே ஒரு ஜோக் உலவியது. பத்து வீடுகளில் போய் விசாரித்தார்களாம். ஒன்பது வீட்டு ரேடியோவில் சிலோன் பாடிக் கொண்டிருந்ததாம். பத்தாவது வீட்டிலோ, ரேடியோ ரிப்பேராம்!

இதற்கு நடுவில் இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுக்குக் கேஸ்கர் கத்தரி போட்ட அதே 1952-ல் ஒரு படம் வெளியானது. பெயர் 'பைஜு பாவ்ரா'. அக்பர் தர்பாரின் தான்சேனுக்கும் ஓர் இளம் பாடகனுக்கும் நடக்கிற சங்கீத யுத்தம்தான் கதை. நௌஷாத் இசை. பாட்டெல்லாம் ராகம். இரண்டு மகா வித்வான்கள், உஸ்தாத் அமீர் கானும் டி.வி.பலுஸ்கரும், போட்டிப் பாட்டைப் பாடினார்கள். படம் பிரமாதமாக ஓடியது. 'தர்பாரி', 'மால்கௌன்ஸ்' என்ற பெயர்களையே அறியாத ஜனங்கள் அந்த ராகங்களை வாயில் முணுமுணுத்துக் கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தார்கள்.

அந்தப் படத்தில் முகமது ரஃபி பாடிய ஒரு பஜன் இருக்கிறது. மால்கௌன்ஸ் ராகம், நம் கர்னாடக சங்கீதத்தில் ஹிந்தோளம் என்போமே, அதற்குச் சமமானது. ஹரியின் தரிசனத்துக்காக ஏங்குகிற மனசு. கேட்டால் கல்லும் கரையும். எழுதியவர் ஷகீல் பதாயூனி. இசை நௌஷாத். பாடியவர் ரஃபி. மூன்று பேருமே முஸ்லிம்கள்.

இதை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், வட இந்திய சங்கீதம் முஸ்லிம் வித்வான்களின் கைக்குப் போன பிறகு அதன் ஆன்மிகம் தேய்ந்துவிட்டது என்ற எண்ணமும் கேஸ்கரின் எழுத்துகளில் உண்டு. அவர் வெறுத்த சினிமாவிலிருந்து, அவர் சந்தேகப்பட்ட கலைஞர்களிடமிருந்து, அவர் ஆசைப்பட்டதே வந்தது. சாஸ்திரீய ராகத்தில், பக்திப் பாட்டு, பட்டிதொட்டி வரை. ஆனால், அது சினிமாப் பாட்டு என்பதால் அவருடைய ரேடியோவின் கணக்கில் பத்து சதவிகிதக் கூண்டுக்குள்தான் அதற்கு இடம்!

ஒதுக்கித் தள்ளுகிற விமர்சனத்தில் இருக்கிற கோளாறே இதுதான். பாட்டைக் கேட்டுவிட்டு 'நன்றாக இல்லை' என்று சொல்வது ஒரு வகை. அது விமர்சனம். அதற்குப் பதில் சொல்லலாம், சண்டை போடலாம், சில சமயம் கற்றுக்கொள்ளலாம். 'இந்த இடத்திலிருந்து வருவதெல்லாம் குப்பை' என்று முடிவு கட்டிவிடுவது இன்னொரு வகை. அப்புறம் காது வேலை செய்யாது. ஹிந்தோளமே வந்து வாசலில் நின்றாலும் யாரோ பிச்சைக்காரன் என்று விரட்டிவிடுவோம்.

கடைசியில் சர்க்கார்தான் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ம் தேதி 'விவித் பாரதி' தொடங்கியது. பொறுப்பேற்றவர் கவிஞர் பண்டிட் நரேந்திர சர்மா. முதல் நாள் முதல் பாட்டு, அனில் பிஸ்வாஸ் இசையில் மன்னா டே பாடியது, நிகழ்ச்சிக்காகவே உருவானது. பின்னாலேயே சினிமாப் பாட்டுகள் அணிவகுத்தன. பம்பாய், சென்னை என இரண்டு நகரங்களிலிருந்து சக்தி வாய்ந்த சிற்றலையில் ஒலிபரப்பு. ஆமாம், கொழும்பு செய்த அதே வித்தை! 1967 நவம்பரில் விளம்பரமும் வந்துவிட்டது. அதற்குள் பதினைந்து வருஷம் இந்திய விளம்பரக்காரர்களின் பணம் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது வேறு கதை. கேஸ்கர் காலத்தில் எழுந்த சுவரில் கேஸ்கர் காலத்திலேயே கதவு வைத்தார்கள். அந்த மட்டில் அவரைப் பாராட்டலாம்.

அந்த மட்டில் மட்டுமா? இல்லை. நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் போய்விட்டன. மகாராஜாக்களை நம்பி இருந்த வித்வான்கள் திடீரென்று தெருவில் நின்றார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது வானொலிதான். 1952-ல் கேஸ்கர் தொடங்கிவைத்த தேசிய சங்கீத நிகழ்ச்சி, சனிக்கிழமை ராத்திரிகளில் கர்னாடக சங்கீதத்தை டெல்லிக்கும் ஹிந்துஸ்தானியை நம் ஊருக்கும் கொண்டுபோனது. டிக்கெட் வாங்கி சபாவுக்குள் நுழைய வழியில்லாத எத்தனையோ பேர் பெரிய மேதைகளைக் கேட்டது அந்தப் பெட்டியில்தான். 1954-லிருந்து வானொலி சங்கீத சம்மேளனம் என்று வருஷா வருஷம் நடந்தது. ரவிசங்கர் தலைமையில் வாத்திய விருந்தம் உருவானதும் அந்த வருஷங்களில்தான். இன்றைக்கு ஆவணக் காப்பகத்தில் பொக்கிஷமாகக் கிடக்கிற எத்தனையோ பதிவுகள், அந்த மனிதரின் பிடிவாதம் இல்லையென்றால் நமக்குக் கிடைத்திருக்காது.

கேஸ்கர் நேசித்தது நல்ல சங்கீதத்தைத்தான். அதைத் தூக்கிப் பிடித்தபோதெல்லாம் ஜெயித்தார். மற்றவர்கள் நேசித்ததைப் பிடுங்கப் போன இடத்தில் தோற்றார். ஒரே மனிதர், ஒரே பத்து வருஷம். இரண்டு காரியங்கள், இரண்டு முடிவுகள்.

இன்னொன்றும் உண்டு. அவர் சொன்னது முழுப் பொய்யா? சொல்ல முடியாது. ஐம்பதுகளில் வந்த பாட்டுகள் எல்லாமே அமுதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரவல் மெட்டும் உண்டு, அசட்டு வரிகளும் உண்டு. வந்த வேகத்தில் காணாமல் போனவை ஏராளம். இன்று நாம் 'அந்தக் காலப் பாட்டு' என்று உருகுவது, வந்தவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான். மிச்சத்தைச் சலித்துக் கொட்டியது யார்? எந்த இலாகாவும் இல்லை. டீக்கடையில், ரயிலில், கேட்போர் சங்கத்தில், அம்மாக்களின் தாலாட்டில், திரும்பத் திரும்பப் பாடியும் பேசியும் ஜனங்களேதான் சலித்தார்கள். முப்பது, நாற்பது வருஷம் பிடிக்கிற வேலை அது. முதல் வாரத்திலேயே அதைச் செய்து முடித்துவிடலாம் என்று ஒரு அதிகாரி நினைத்தால், பதரோடு நெல்லும் போய்விடும்.

கீத்மாலா 1988 வரை இலங்கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1989-ல் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? விவித் பாரதிக்கு! எந்த வானொலியின் கண்டிப்பைத் தாங்க முடியாமல் ஜனங்கள் அதைத் தேடிக் கடல் தாண்டினார்களோ, அந்த வானொலியே சிவப்புக் கம்பளம் விரித்தது. அமீன் சயானி 2024 பிப்ரவரியில், 91-வது வயதில் காலமானார். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அஞ்சலி எழுதின.

2017-ல் 'சரிகம' நிறுவனம் பழைய ரேடியோ பெட்டி மாதிரியே 'கார்வான்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பழைய பாட்டுகள். சயானியின் கீத்மாலா தொகுப்பும் அதில் உண்டு. தமிழ்ப் பாட்டுகளுக்கும் தனிப்பெட்டி வந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் அம்மா, அப்பாவுக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்தார்கள். ரசனையைக் கெடுக்கும் என்று 1952-ல் கத்தரி போட்ட அதே பாட்டுகள், இப்போது பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையான பரிசு!

அந்தப் பெட்டியைத் திருகி, ஐம்பதுகளின் ஒரு பாட்டில் கண் மூடிச் சொக்கிப் போகிறார் தாத்தா. பக்கத்து அறையிலிருந்து பேரனின் போனில் வேறு ஏதோ ஒன்று தடதடவென்று கேட்கிறது. தாத்தாவின் வாய், அந்தப் பழைய கேள்வியைக் கேட்கத் திறக்கிறது. கேட்கட்டும், அது அவர் உரிமை. பேரனும் சும்மா வால்யூமை ஏற்றாமல், ''இதில் எனக்கு என்ன பிடிச்சிருக்குன்னா தாத்தா...'' என்று ஆரம்பிக்கட்டும். ஜும்ரி தலையாக்காரர்கள் போஸ்ட் கார்டில் செய்ததும் அதைத்தானே?